லால்குடியின் வில்லில் சொல் எங்கே இருந்தது?

இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கர்நாடக இசைக் கலைஞர் லால்குடி ஜெயராமனின் வயலின் "பாடும்" என்று ரசிகர்கள் சொல்வது வெறும் புகழ்மொழியா, தொட்டுக் காட்டக்கூடிய ஏதாவது அதில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அவரிடம் ஒரு நாள்கூடப் பாடம் கேட்காத நான் அவரை ஆசான் என்று சொல்லிக்கொள்வது ஏன் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருப்பதால் சேர்த்தே எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடகர்களுக்கு வயலினில் பக்கவாத்தியம் வாசித்துப் பிழைத்துவருகிறவன் நான். ஆகவே ஆராய்ச்சியாளர் எழுதும் பதிலாக இது இராது. வில் பிடித்துப் பழகிய கைக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் இருபத்தாறாவது வயதில், ஒரு சிற்றூர்க் கோயில் உற்சவத்தில், மூத்த பாடகர் ஒருவருக்கு வாசித்தேன். அவர் பைரவி ராகத்தில் ஒரு கிருதியை எடுத்து, நிதானமாக, ஒரே வரியை வேறு வேறு விதமாக அழகுபடுத்தி, சங்கதி சங்கதியாக வளர்த்துக்கொண்டு போனார். அப்போது எனக்குக் கை வேகத்தில் அபார நம்பிக்கை. அவர் ஒரு சொல்லை நீட்டி நிறுத்திய இடத்தையெல்லாம் காலி இடம் என்று நினைத்து, பிருகா என்னும் அதிவேக ஸ்வரக் கொத்துகளால் நிரப்பினேன். கூட்டமும் இரண்டு மூன்று முறை கைதட்டியது. கச்சேரி முடிந்து பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவர் கோபப்படவில்லை. "தம்பி, கை நல்லா ஓடுது. ஆனா என் ஸ்வரத்தைத்தான் வாசிச்சீங்க, என் பாட்டை வாசிக்கலை" என்றார். பிறகு ரசம் சாதம் பிசைந்துகொண்டே, "லால்குடி பக்கவாத்தியம் வாசிச்ச ஒலிநாடா ஏதாவது கிடைச்சா போட்டுக் கேளுங்க. அவர் கையைக் கேக்காதீங்க, வாயைக் கேளுங்க" என்றார். வயலினுக்கு ஏது வாய் என்று அன்றிரவு பேருந்தில் ஊர் திரும்பும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய நாடாவில் ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்பிரமணியம்) பாட, லால்குடி வயலின் வாசித்திருந்தார். பலமுறை பிரதி எடுக்கப்பட்டுத் தேய்ந்த பதிவு அது. மிருதங்கம் தகர டப்பாவைத் தட்டியதுபோல் ஒலித்தது. ஆனாலும் ஒன்று தெளிவாகக் கேட்டது. பாடகர் ஒரு வரியைப் பாடும்போது வயலின் அதே வரியை ஓர் இமைப்பொழுது பின்னால் நிழல்போலத் தொடர்கிறது. பாடகர் அடுத்த வரிக்குமுன் மூச்சு வாங்கும் இடைவெளியில் வயலின் மட்டும் ஒலிக்கிறது. அந்த இடைவெளியில் அந்த வரியின் சொற்கள் என் காதில் விழுந்தன. பாடுபவர் வாயை மூடிவிட்டார், சொல் மட்டும் நிற்கவில்லை. நாடாவைப் பின்னோட்டிப் பின்னோட்டி அந்த ஒரு வரியையே கேட்டதில், இரவல் கொடுத்தவரின் நாடா ஓரிடத்தில் கசங்கிப்போய், அதற்காக அவரிடம் வசவும் வாங்கினேன்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். பாடுகிறவனுக்கு உயிர் எழுத்தும் மெய் எழுத்தும் இருக்கின்றன. உயிரில் நாதம் ஓடுகிறது. மெய்யில் நாதம் அறுபடுகிறது, தடுக்கப்படுகிறது, மூக்கு வழியாக மெலிகிறது. வயலினில் இடது கை சுருதியைத்தான் தரமுடியும். எந்த ஸ்வரம், எவ்வளவு அசைவு, எங்கிருந்து எங்கே என்பதோடு அதன் வேலை முடிந்தது. எழுத்தைத் தரவேண்டியது வலது கை, அதாவது வில். ஒரு வரி முழுவதையும் ஒரே வில்லில், அதாவது திசை மாறாத ஒரே இழுப்பில், வாசித்தால் உயிர் எழுத்துகள் மட்டுமே வரிசையாக ஒலிக்கும். பல் போன கிழவர் பேசுவதுபோல் இருக்கும். ஸ்வரத்துக்கு ஸ்வரம் வில்லை வெட்டினால் ஸ்வரங்கள் எண்ணிக்கையாகக் கேட்கும், சொல் சிதறிவிடும். அன்று பைரவியில் நான் செய்தது இந்த இரண்டாவது தவறு. ஒரு நெடிலுக்குள் ஏழெட்டு ஸ்வரங்கள் புரளலாம், அவை எல்லாம் ஒரே வில்லுக்குள் அடங்கவேண்டும். அடுத்த எழுத்து குறிலாக ஒரே ஸ்வரத்தில் நின்றாலும் அதற்குத் தனி வில்லோ, குறைந்தபட்சம் தனி அழுத்தமோ வேண்டும். ஆக, வில்லுக்குக் கணக்கு ஸ்வரத்தில் இல்லை, சாகித்யத்தின், அதாவது பாடல் வரிகளின், எழுத்தில் இருக்கிறது. இதைச் சொல்வது எளிது. கச்சேரி மேடையில், ஒத்திகை எதுவும் இல்லாமல், பாடகர் எந்தச் சங்கதியைப் போடுவார் என்று தெரியாமல், அவர் பாடிய மறுகணமே செய்வது அசாத்தியமான காரியம்.

ஓர் உதாரணத்தோடு காட்டுகிறேன். லால்குடி தாமே இயற்றிய சாருகேசி ராகப் பதவர்ணம் "இன்னும் என் மனம்" என்று தொடங்கும். நாட்டிய மேடைகளில் அடிக்கடி கேட்கக்கூடிய உருப்படி. அந்த "இன்னும்" என்ற ஒரு சொல்லை வயலினில் கொண்டுவர என் மாணவர்களுக்கு நான் ஒரு வாரம் கொடுப்பேன். "இ" என்பதில் வில் தந்தியில் ஊன்றிப் புறப்படுகிறது. "ன்" வரும்போது வில்லை நிறுத்தினால் அது "இட்டு", "இக்கு" போன்ற வல்லெழுத்தாகிவிடும். மெல்லெழுத்தில் நாதம் நிற்பதில்லை, ஒடுங்குகிறது. ஆகவே வில் ஓடிக்கொண்டே இருக்க, அதன்மேல் இருக்கும் ஆள்காட்டி விரலின் பாரத்தை மட்டும் ஒரு கணம் எடுத்துவிடவேண்டும். "னு"வில் அந்தப் பாரத்தைத் திரும்ப வைக்கவேண்டும், வில்லின் திசையை மாற்றாமல். "ம்" என்பதில் மறுபடியும் மெலிவு. "என்" என்ற சொல் பிறக்கும்போதுதான் வில் திரும்பலாம். "மனம்" என்பதில் இரண்டு குறில்கள், ஒரே வில்லில் இரண்டு மெல்லிய தள்ளல்கள். இவ்வளவும் நடந்து முடிய ஓரிரு விநாடிதான் ஆகும். லால்குடியின் பதிவுகளை இந்தக் காதோடு கேளுங்கள். இடது கையின் இனிமையில் மயங்கிப்போகாமல் வலது கையை மட்டும் பின்தொடர்ந்தால், அந்த வில் எழுத்துக்கூட்டிப் போவது விளங்கும்.

இடது கையைக் குறைத்துச் சொல்வதாக எண்ணவேண்டாம். வீணையில் இருப்பதுபோன்ற மெட்டுக்கட்டைகள் இல்லாத விரல் பலகையில் தோடியின் காந்தாரத்தையும் பைரவியின் நிஷாதத்தையும் குரலில் அசைவதுபோல் அசைப்பது எத்தனை கடினம் என்பது வீணைக்காரர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் அவருடைய ஜாருகளில் ஒரு நாகரிகம் உண்டு. வழியில் தொடவேண்டிய சாயல் ஸ்வரமான அனுஸ்வரத்தைத் தொட்டும் தொடாமலும் கடந்துபோவார். ஆனால் அந்தச் சுகம் வேறு பெரிய வித்வான்களிடமும் வேறு வேறு விதமாக உண்டு. வில் பேசியதில்தான் அவர் தனித்து நின்றார் என்பது என் கட்சி.

சாகித்யமே இல்லாமல் ராகத்தை மட்டும் விரிக்கும் ஆலாபனையில் என்ன செய்வார் என்று கேட்கலாம். பாடகர்களும் ஆலாபனையில் "தத ரின" என்று ஏதோ எழுத்துகளைப் பிடித்துக்கொண்டுதானே பாடுகிறார்கள்? லால்குடியின் ஆலாபனையில் அந்த எழுத்துகளின் சாயல் இருக்கும். அதைவிட முக்கியமாக மூச்சு இருக்கும். வயலினுக்கு மூச்சு வாங்கவேண்டிய தேவை இல்லை. வில்லைத் திருப்பித் திருப்பி நாள் முழுக்க இழுத்துக்கொண்டே போகலாம், பலர் போகவும் செய்கிறார்கள். அவர் ஒரு பிடியை, அதாவது ராகத்தின் ஒரு சொற்றொடரை, முடித்தபின், பாடுகிறவர் மூச்சு வாங்கும் அளவுக்கு விட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார். அந்தச் சிறு மௌனத்தில் தம்பூரா மட்டும் கேட்கும். கேட்கிறவர்களும் தம்மை அறியாமல் அங்கே மூச்சு விடுவார்கள்.

இந்தப் பழக்கம் அவருக்கு வீட்டிலேயே வந்தது. 1930 செப்டம்பர் 17 அன்று பிறந்த அவருக்குத் தந்தை வி.ஆர். கோபாலய்யரே குரு, தியாகராஜரின் சீட பரம்பரையில் வந்த குடும்பம். தியாகராஜர் திருச்சிக்கு அருகிலுள்ள லால்குடி என்ற ஊருக்கு வந்து, அங்குள்ள சப்தரிஷீஸ்வரர் மீதும் அம்பாள் மீதும் பாடிய ஐந்து கிருதிகளை லால்குடி பஞ்சரத்னம் என்கிறோம். தோடியில் "கதி நீவனி", பைரவியில் "லலிதே", காம்போதியில் "மஹித ப்ரவ்ருத்த", கல்யாணியில் "ஈச பாஹிமாம்", மத்தியமாவதியில் "தேவ ஸ்ரீ தபஸ்தீர்த்த". இந்தக் கடைசிக் கிருதியில் ஒரு நயம் உண்டு. அந்த ஊரின் தேவாரக் காலப் பெயர் திருத்தவத்துறை. தவம் தபஸ் ஆகி, துறை தீர்த்தம் ஆகி, ஊர்ப்பெயர் அப்படியே வடமொழியில் கிருதிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. திருச்சியிலிருந்து ரயிலில் அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். ஒரு சொல்லை அதன் உயிர் கெடாமல் வேறொரு ஊடகத்துக்கு மாற்றும் வித்தை அந்த ஊர் மண்ணிலேயே இருந்திருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன்.

பன்னிரண்டு வயதில் பக்கவாத்தியத்துக்கு உட்கார்ந்தவர் அவர். யார் யாருக்கு வாசித்தார் என்று பட்டியல் போட்டால் இருபதாம் நூற்றாண்டுக் கச்சேரி மேடையின் வரலாற்றையே எழுதவேண்டியிருக்கும். பட்டியலைவிட, ஒருவருக்கொருவர் எவ்வளவு எதிரெதிரானவர்கள் என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு எல்லாமே அளவு. ராகம் நாலு நிமிஷத்தில் முழு உருவம் எடுத்துவிடும், அங்கே வயலின் பத்து நிமிஷம் விஸ்தாரம் செய்தால் கச்சேரியின் கட்டுக்கோப்பு குலைந்துவிடும். ஜி.என்.பி.யின் குரலிலிருந்து பிருகாக்கள் மத்தாப்பு மாதிரி கொட்டும். அதைத் தவறவிடாமல் பிடிக்க விரலுக்கு வேகம் வேண்டும், அதை மிஞ்சாமல் இருக்க மனதுக்கு அடக்கம் வேண்டும். மதுரை மணி ஐயரின் கல்பனாஸ்வரம், அதாவது மேடையிலேயே கற்பனையாகப் பாடும் ஸ்வரம், கணக்குச் சிக்கல் இல்லாத இயல்பான ஓட்டமான சர்வலகுவில் ஆற்றொழுக்காகப் போகும். அங்கே கணக்கு வழக்கு எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு அந்த ஓட்டத்தில் இறங்கவேண்டும். ஆலத்தூர் சகோதரர்களிடமோ கணக்கே பிரதானம். பல்லவி தாளத்தில் தொடங்கும் இடமான எடுப்பும், முத்தாய்ப்புக் கணக்கான கோர்வையும் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடிபட்டாகவேண்டும். செம்மங்குடி, செம்பை, கே.வி. நாராயணசாமி, புல்லாங்குழல் மாலி என்று இன்னும் எத்தனையோ குணங்கள்.

இத்தனை பேருக்கும் வாசிக்கிறவர் இரண்டில் ஒன்றாக ஆகிவிடலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி, தன் பாணியிலேயே வாசித்துக்கொண்டு போகலாம். அல்லது தனக்கென்று எதுவும் இல்லாமல் கரைந்துபோகலாம். மணி ஐயருக்கு லால்குடி கொடுத்த பதில் ஸ்வரங்களையும் ஜி.என்.பி.க்குக் கொடுத்தவற்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டு வேறு மனிதர்கள் வாசிப்பதாகத் தோன்றும். நாலு ஆவர்த்தனம், அதாவது நாலு தாளச் சுற்று, கழித்து, இல்லை, அதே வில்தான் என்று தெரியும். பாடகர் விட்ட இடத்தின் கடைசி ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்தே தம் பதிலைத் தொடங்குவது, அவர் போட்ட கோர்வையை அப்படியே திருப்பாமல் அதன் ஒரு மூலையை மட்டும் எடுத்து விரிப்பது போன்ற மரியாதைகளை நான் இந்தப் பதிவுகளில்தான் படித்தேன். ஜி.என்.பி., அரியக்குடி, மணி ஐயர் மூவரும் 1965க்கும் 1968க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் காலமானார்கள். அப்போது லால்குடிக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை. பலர் ஆயுள் முழுதும் கேட்டுத் தெரிந்துகொள்வதை அவர் அந்த வயதுக்குள் அருகில் உட்கார்ந்து வாசித்து முடித்திருந்தார்.

தனிக் கச்சேரிகளில் அவர் எட்டிய உயரத்துக்கும் இந்தப் பக்கவாத்தியக் காலமே உரம் என்று நினைக்கிறேன். 1966இல் என். ரமணியின் புல்லாங்குழலையும் ஆர். வெங்கடராமனின் வீணையையும் தம் வயலினோடு சேர்த்து அவர் அமைத்த வேணு-வீணை-வயலின் கூட்டு, கேட்பதற்கு இலகுவாக இருக்கும். உட்கார்ந்து யோசித்தால் மலைப்பாக இருக்கும். ஊதும் கருவி, மீட்டும் கருவி, இழுக்கும் கருவி என மூன்றும் நாதம் பிறந்து மறையும் விதத்தில் வேறானவை. வீணையின் நாதம் மீட்டியவுடன் தேயத் தொடங்கும், குழலும் வயலினும் நீளும். ஒரே பாடாந்தரத்தில், அதாவது ஒரே பாட வழியில், மூன்றையும் பாடவைக்கவேண்டுமானால் எந்த எழுத்தில் மீட்டுவது, எந்த எழுத்தில் நாக்கு வைப்பது, எந்த எழுத்தில் வில் திருப்புவது என்று முடிவு செய்தாகவேண்டும். மறுபடியும் சொல்லைத்தான் பொதுக் கணக்காக வைத்திருக்கிறார். அதற்கு முந்தைய ஆண்டு எடின்பரோ விழாவில் அவர் வாசிப்பைக் கேட்ட யெஹூதி மெனுஹின் தம் இத்தாலிய வயலின் ஒன்றை அவருக்கு அன்பளிப்பாகத் தந்த செய்தியைப் பலரும் அறிவார்கள். அவர் பெருமைக்கு அதையே முதல் சான்றாகச் சொல்லுகிறார்கள். எனக்கு மதுரை மணி ஐயருக்கு அவர் வாசித்த ஓர் ஆவர்த்தனம் அதைவிடப் பெரிய சான்று.

அவருடைய உருப்படிகளைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். வலஜி ராக வர்ணமும் மோகனகல்யாணி ராகத் தில்லானாவும் இன்று யாருடையவை என்று தெரியாமலேயே பாடவும் ஆடவும் படுகின்றன. மோகனகல்யாணியில் ஏறும்போது மோகனத்தின் ஐந்து ஸ்வரங்கள், இறங்கும்போது கல்யாணியின் ஏழும். இந்தக் குறுகிய ஏற்றத்துக்கும் அகன்ற இறக்கத்துக்கும் இடையில் ஜதிகளை அவர் வைத்திருக்கும் விதத்தில் ஒரு சொல்கூடப் பாடுகிறவரின் நாக்கில் இடறாது. தில்லானாச் சொற்களுக்குப் பொருள் கிடையாது, எழுத்து மட்டும்தான் உண்டு. எழுத்தை வில்லில் வைத்திருந்தவருக்குத் தில்லானா இவ்வளவு வசப்பட்டதில் வியப்பில்லை.

அவர் காலத்திலேயே டி.என். கிருஷ்ணனும் எம்.எஸ். கோபாலகிருஷ்ணனும் இருந்தார்கள், மூவரையும் வயலின் மும்மூர்த்திகள் என்பார்கள். கிருஷ்ணனின் நாதத்தில் இருந்த தூய்மை, நீண்ட வில்லின் அமைதி, எம்.எஸ். கோபாலகிருஷ்ணனின் (எம்.எஸ்.ஜி.) குடும்ப வழியான பரூர் பாணியில் ஒற்றை விரல் தந்தியின் அடி முதல் நுனி வரை பாயும் துணிவு, இவற்றுக்கு முன்னால் நான் இன்றும் கைகட்டித்தான் நிற்கிறேன். யார் பெரியவர் என்ற சச்சரவு சபா கேன்டீன்களுக்கு உரியது. லால்குடியின் இசை சிலருக்கு அளவுக்கு மீறி இழைக்கப்பட்டதாகத் தோன்றும் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். கொஞ்சம் முரட்டுத்தனம், கொஞ்சம் பிசிறு வேண்டுமென்று கேட்கும் காதுகளுக்கு அவர் அத்தனை உவப்பாக இருக்கமாட்டார். என் மனக்குறை வேறு. அவரைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லும் என் தலைமுறையினரில் பலர், நான் உட்பட, அவருடைய சிறு வில் வெட்டுகளை அலங்காரமாக எடுத்துக்கொண்டோம். அவர் எழுத்துக்காக வெட்டினார். நாம் வெட்டு அழகாக இருக்கிறது என்று எழுத்து இல்லாத இடத்திலும் வெட்டுகிறோம்.

பத்மஸ்ரீ 1972இல், சங்கீத நாடக அகாதமி விருது 1979இல், பத்மபூஷண் 2001இல் வந்தன; "சிருங்காரம்" படத்தின் இசைக்குத் தேசிய விருதும் பெற்றார். சென்னை மியூசிக் அகாதமி தரும் உயர் பட்டமான சங்கீத கலாநிதியைப் பெற்றவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்பதைப் புதிதாக இசை கேட்க வருகிறவர்கள் நம்பமறுக்கிறார்கள். 2013 ஜனவரி 3 அன்று எம்.எஸ்.ஜி. மறைந்தார், ஏப்ரல் 22 அன்று லால்குடியும் போய்ச் சேர்ந்தார். அந்த ஏப்ரல் மாலை எனக்கு ஒரு கல்யாணக் கச்சேரி இருந்தது. செய்தி தெரிந்து மேடையில் ஏறியவன், பாடகர் நீட்டி நிறுத்திய ஒவ்வோர் இடத்திலும் சும்மா இருந்தேன். மிருதங்கக்காரர் உடம்பு சரியில்லையா என்று ஜாடையில் கேட்டார்.

நேரில் பயிலாத ஒருவரை ஆசான் என்பது தகுமா என்ற உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். அவரிடம் உட்கார்ந்து கற்ற சீடர்கள் ஏராளம், மகன் ஜி.ஜெ.ஆர். கிருஷ்ணனும் மகள் விஜயலட்சுமியும் வயலினில் அந்த வழியைத் தொடர்கிறார்கள், பாம்பே ஜெயஸ்ரீ போன்றவர்கள் குரலில் தொடர்கிறார்கள். அவர்களோடு என்னைச் சேர்த்துக்கொள்ள நான் துணியமாட்டேன். என் குருநாதர் எனக்கு வயலினைப் பிடிக்கவும் ஸ்வரம் சேரவும் கற்றுத்தந்தார். எதை வாசிக்கக்கூடாது என்பதை லால்குடியின் பதிவுகள் கற்றுத்தந்தன. அந்தப் பாடத்தை யாரிடம் பெற்றேனோ அவரை வேறு எந்தச் சொல்லால் அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றால், தனிக் கச்சேரிகளுக்கு முன்னால் பக்கவாத்தியப் பதிவுகளைக் கேளுங்கள் என்பேன். மணி ஐயரோடு ஒன்று, ஜி.என்.பி.யோடு ஒன்று போதும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கிருதியாக இருக்கட்டும்; அதன் சாகித்யத்தைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் நிறுத்தும் இடங்களில் மட்டும், வயலின் எந்த எழுத்தில் இருக்கிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். பிறகு வேணு-வீணை-வயலின், அதன்பின் தில்லானாக்கள். சாருகேசி வர்ணத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் வகுப்பில் இப்போது அந்த வர்ணத்தைத்தான் ஒரு பதினான்கு வயதுப் பெண் வாசிக்கிறாள். "சார், எல்லா ஸ்வரமும் சரியா விழுதே, அப்புறம் ஏன் முதல் வரியையே வாசிக்கச் சொல்றீங்க?" என்று போன வாரம் கேட்டாள். கையிலிருந்து வயலினை வாங்கி வைத்துவிட்டு, வில்லை மட்டும் காற்றில் பிடித்துக்கொண்டு வரியைப் பாடச்சொன்னேன். நேற்று "இன்னும்" வந்துவிட்டது. "மனம்" வரவில்லை.